பட்டா இல்லாத சந்நிதிகள்

மாதுங்காவில் மத்திய ரயில்வே மின்வண்டியில் ஏறி, சயானைக் கடந்து, குர்லாவில் இறங்கி ஹார்பர் லைனுக்கு மாறினால் திலக் நகர், செம்பூர், கோவண்டி, அடுத்தது மான்குர்த். அதற்கு அப்பால் தாணே கழிமுகம். 1992-ல் பாலம் திறந்து வண்டிகள் வாஷிக்குப் போகத் தொடங்கும்வரை இந்த வழித்தடம் மான்குர்த்தோடு முடிந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இந்தச் சிறு பயணத்திலேயே மும்பைத் தமிழரின் நூறாண்டுக் கதை கண்ணில் படும். கோபுரம் வைத்த கோயில்களில் தொடங்கி, தகரக் கூரைக்கடியில் மஞ்சள் துணி சாத்திய அம்மனில் முடிகிற கதை அது. கிழக்கே போகப் போக பக்தி குறைவதில்லை. சாமிக்கு இருக்கும் காகிதம்தான் குறைந்துகொண்டே போகிறது. மாதுங்கா சாமிக்கு மனைப் பத்திரம், அறக்கட்டளைப் பதிவு, தணிக்கைக் கணக்கு எல்லாம் உண்டு. மான்குர்த் சாமிக்கு, சுற்றி வாழும் மனிதர்களில் பலரைப் போலவே, நிற்கும் இடத்தைத் தனது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. மத நம்பிக்கை வரலாற்றையும் சமூகத்தையும் எப்படி வடிவமைக்கிறது என்று கேட்பவர்கள் இந்த வழித்தடத்தைப் பார்க்க வேண்டும். ஊரை விட்டு வந்தவர்கள் தாங்களாகவே எழுப்பும் முதல் பொது அமைப்பு வழிபாட்டிடம். அவர்களை மறுபடியும் பெயர்க்கும் அரசு வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு இந்த அமைப்பை எண்ணாமல் விடுகிறது. வீடு கொடுத்துச் சமூகத்தைக் கலைக்கும் வேலை அது என்பதே என் வாதம்.

முதலில் மாதுங்கா. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. இரண்டே ஆண்டில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாதுங்கா பக்கம் மனை பிரித்து, சாலை போட்டு, புதுக் குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. அங்கே குடியேறிய தென்னிந்தியரில் பெரும்பாலோர் படித்து, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலக வேலைக்கு வந்த பிராமணர்கள். 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1927-ல் பஜனை சமாஜம், 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைப்புகள் எழுந்தன. பஜனைக்குக் கூடிய சமூகமே பள்ளிக்கூடம் நடத்தவும் கூடியது. பின்னால் செம்பூருக்குக் குடிபெயர்ந்தவர்கள் செட்டா நகர்க் குன்றில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். இவர்களின் நம்பிக்கை நூறு ஆண்டு நிலைத்து நிற்கும் நிறுவனங்களாக மாறியதற்கு அவர்களின் ஆசாரம் மட்டும் காரணமாகிவிடாது. காலுக்குக் கீழே இருந்த மனை அவர்களுடையது. 1950-ம் ஆண்டின் பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யவும், வங்கிக் கணக்கு வைக்கவும், வாரிசுகளிடம் ஒப்படைக்கவும் முடிந்தது. உரிமையுள்ள மண் கிடைத்தபோது நம்பிக்கை என்னென்ன கட்டியது என்பதற்கு மாதுங்காவும் செம்பூரும் சாட்சி.

அடுத்த நிறுத்தம் சயான். இறங்கி நடந்தால் தாராவி. இங்கு தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் கழிமுகச் சேற்றை மேடாக்கிக் குடியேறினார்கள். தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887-ல் தொடங்கியது என்றும், பிள்ளையார் கோயில் 1913-ல் எழுந்தது என்றும் குறிப்பிடுவார்கள். அந்தப் பிள்ளையார் கோயிலை நடத்துவது ஆதிதிராவிட மகாஜன சங்கம். தை முதல் நாளன்று 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பதும் இந்தக் கோயிலைச் சுற்றித்தான். இதன் பொருள் என்ன என்று தெரிய 1913-ல் திருநெல்வேலி எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ஊர்க் கோயில் வாசலைத் தாண்ட இவர்களுக்கு அனுமதி இல்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார்களையும் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-ல். சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் முழு வடிவம் பெற்றது 1947-ல். அதற்கு ஒரு தலைமுறை முன்பே, ஊரில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பம்பாய்ச் சேற்றில் தங்கள் கையால் கோயில் எழுப்பி, தாங்களே தர்மகர்த்தாக்களாக உட்கார்ந்தார்கள். ஒரு மனிதன் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வதை இது எவ்வளவு மாற்றியிருக்கும்! மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் சம்பளத்தையும் தொழிற்சாலையையும் சொல்லும் அளவுக்கு இந்தத் தர்மகர்த்தா பதவியைச் சொல்வதில்லை என்பது என் குறை.

வண்டி செம்பூரைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. மான்குர்த் அடங்கும் எம்-கிழக்கு வார்டு, நகரம் தனக்கு வேண்டாததைத் தள்ளிவிட்ட இடம். 1927-லிருந்து தேவ்னாரில் குப்பை மலை வளர்கிறது. மாடு, ஆடு வெட்டும் பெரிய கூடம் அங்கேதான் கட்டப்பட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி மையமும் பக்கத்துத் துரோம்பேயில். கடைசியாக மனிதர்களையும் அந்தப் பக்கமே அனுப்பினார்கள். 2009-ல் வெளியான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரின் எல்லா வார்டுகளிலும் கடைசி இடம் இதற்குத்தான். துரோம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி இருந்தது. சுமார் 70,000 பேர், தமிழர்கள் அதில் நிறைய. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம், அந்தக் காலனி முழுவதையும் இடித்து மக்களைச் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்கிறார்கள். ஒரு முறை பெயர்க்கப்பட்டவர்கள் மறுபடி முதல் கல்லிலிருந்து தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் ஒரு சந்நிதி வளரும் விதத்தைக் கவனித்தால் மதம் சமூகத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்பது தத்துவ நூல்களை விடத் தெளிவாகத் தெரியும். ஒரு வேப்பமரம் அல்லது சுவரோரம், ஒரு படம், ஒரு அகல் விளக்கு. பிறகு பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த மின்கம்பியில் ஒரு பல்பு. ஆடி மாதம் கூழ் ஊற்ற வேண்டுமென்றால் அரிசிக்கும் கேழ்வரகுக்கும் பணம் வேண்டும். ஆகவே குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. வரி என்று வந்தால் பெயர்ப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்கு நோட்டு, நோட்டுக்குக் கணக்குப்பிள்ளை, கணக்குப்பிள்ளையைக் கேள்வி கேட்க ஒரு கமிட்டி. கொடை நடத்த ஒலிபெருக்கி வைக்கப் போலீஸ் அனுமதி தேவை. அந்தக் கமிட்டியின் பெயருக்கு அரசிடமிருந்து வரும் முதல் கடிதம் பல இடங்களில் இந்த அனுமதிச் சீட்டாகத்தான் இருக்கும். இதே வேலையைப் பள்ளிவாசல் ஜமாத் செய்கிறது; அசனப் பண்டிகைக்குப் பணம் சேர்க்கும் கிறிஸ்தவ சபையும் செய்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே ஒரு குடும்பம் வரிப் பட்டியலில் ஏறிவிடுகிறது. சாவு விழுந்தால் முதலில் ஓடி வருவது அந்தப் பட்டியலில் உள்ளவர்கள். பிணத்தை ஊருக்கு அனுப்பவும், கணவனை இழந்தவளுக்கு ஒரு மாதச் செலவைத் தாங்கவும், தண்ணீர்க் குழாயடிச் சண்டையைத் தீர்க்கவும் கூடுவது சந்நிதிக்கு முன்னால். ஊரில் உறவும் நிலமும் செய்த வேலையை இங்கே அந்த வரி நோட்டு செய்கிறது.

இந்த நோட்டு அரசின் கணக்கில் வராது. 2002-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்காக ரயில் பாதையோரமும் சாலையோரமும் இருந்த பல்லாயிரம் குடும்பங்கள் அகற்றப்பட்டு, அவர்களில் பெருந்தொகையினர் மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற அடுக்குக் கட்டடங்களுக்கு வந்தார்கள். குடும்பத்துக்கு 225 சதுர அடி. இலவச வீடு என்பது சிறிய விஷயம் அல்ல. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குழந்தையைத் தூங்க வைத்த தாய்க்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே வெயில்கூட இறங்காத இடைவெளி. நெருக்கி அடித்த இந்தக் கட்டடங்களில் காசநோய் அதிகம் பரவுவதை 2018-ல் மருத்துவர்கள் ஆய்வு செய்து சொன்னார்கள். வெயிலுக்கு இடம் ஒதுக்காத வரைபடத்தில் வேப்பமரத்துக்கு எங்கே இடம் இருக்கும்? விதிப்படி சங்க அலுவலகமும் பால்வாடியும் நலமையமும் உண்டு. வழிபாட்டுக்கென்று எதுவும் குறிக்கப்படாததால் படிக்கட்டுக்கு அடியிலும் காம்பவுண்டுச் சுவரோரத்திலும் சாமிகள் மறுபடி முளைக்கின்றன. முளைத்ததும் அவை ஆக்கிரமிப்பு என்ற பட்டியலுக்குள் போய்விடுகின்றன.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். சந்நிதி என்பதே நிலத்தை வளைக்கும் தந்திரம்; குடிசையை இடிக்க வருபவன் சாமியைத் தொடத் தயங்குவான் என்று தெரிந்துதான் முதலில் சாமியை வைக்கிறார்கள் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. நடைபாதைகளையும் பூங்காக்களையும் அடைத்துக்கொண்டு எழுந்த கோயில்கள், தர்காக்கள், சிலுவைகள் எல்லா நகரத்திலும் உண்டு. 2009 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையிலும் பூங்காவிலும் இனிப் புதிதாக அனுமதியற்ற வழிபாட்டிடம் எழக் கூடாது என்று உத்தரவிட்டது சரியே. ஆனால் இந்த எதிர்ப்பு இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறது. அடுக்குமாடி வளாகத்துப் பணக்காரர்கள் நடைபாதையில் நிறுத்தும் கோயில் வேறு. வீடே அனுமதியில்லாத இடத்தில் வாழ்பவன் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்த கோயில் வேறு. அவன் வீட்டுக்குச் சட்டம் ஒரு கெடு தேதி சொல்கிறது: 2000 ஜனவரி 1-க்கு முன்பு இருந்தாய் என்று காட்டினால் இலவச மாற்று வீடு. அவன் கூடும் இடத்துக்கும் அதே நியாயத்தை நீட்டுவதில் என்ன தவறு? நிலத்தைக் காக்கும் வேலையையும் சாமி செய்கிறது என்பதால் சாமி பொய்யாகிவிடாது. எழுபதாயிரம் பேர் கொண்ட ஜனதா காலனியை அரசு பெயர்த்தபோது எந்தத் தெய்வமும் புல்டோசரை நிறுத்தவில்லை. அப்படியும் புது இடத்தில் மக்கள் மறுபடி சந்நிதி எழுப்பினார்கள் என்றால், நிலத்தைத் தாண்டிய ஒரு தேவை அதற்குள் இருக்கிறது.

தமிழர் போன இடமெல்லாம் இதே கதைதான். 1799-ல் திருநெல்வேலிச் சீமையில் புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் சொந்த ஊர்களில் இருக்க முடியாமல் விரட்டப்பட்டபோது, தாவீது சுந்தரானந்தம் அவர்களுக்காக முதலூரை உண்டாக்கினார். வீடுகளும் ஜெப வீடும் ஒன்றாகவே எழுந்த ஊர் அது; நிலம் அவர்களுக்கென்று வாங்கப்பட்டதால் இன்றும் நிற்கிறது. மலேசியத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறு. ரப்பர்த் தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் என்று எழுப்பினார்கள். மண் துரைக்குச் சொந்தம். தோட்டங்கள் விற்கப்பட்டு நகரங்கள் ஆனபோது, நூறு வருடம் கூழ் ஊற்றிய கோயில்கள் ஒரே நாளில் அனுமதியற்ற கட்டடங்கள் ஆகிவிட்டன. 2007 அக்டோபர் 30-ல், தீபாவளி நெருங்கும் வேளையில், பாடாங் ஜாவா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25-ல் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூர் சாலைகளில் இறங்கினார்கள். அவர்களின் கோரிக்கைகளில் கல்வியும் வேலையும் இருந்தன. எல்லாரையும் தெருவுக்குக் கொண்டுவந்ததில் இடிந்த கோயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. கூலிக்குறைவை ஐம்பது ஆண்டு தாங்கிய மக்கள் கோயில் இடிந்ததைத் தாங்கவில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள், அந்த மக்களுக்கென்று வேறு எந்தப் பொதுச் சொத்து மிச்சமிருந்தது என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. சேர்க்கும் அதே கயிறுதான் பிரிக்கவும் செய்கிறது. வரி நோட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கும்போதே யார் பெயர் இல்லை என்பதும் தெரிந்துவிடும். மும்பைத் தமிழர் கோயில்களில் பல ஒரே ஊர்க்காரர்களுடையவை. ஒரே ஊர் என்றால் பெரும்பாலும் ஒரே சாதி. ஊரில் தங்களுக்குச் செய்யப்பட்டதை நகரத்தில் வேறொருவருக்குச் செய்யும் கமிட்டிகள் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது; 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். தாராவியும் அதில் எரிந்தது. அதற்கு முன்னால் ஒரு திருப்பம் உண்டு. 1966-ல் தொடங்கிய சிவசேனைக்கு முதல் எதிரி தென்னிந்தியர். எண்பதுகளில் அந்தக் கட்சி இந்துத்துவத்துக்கு மாறியதும், நேற்றுவரை அடி வாங்கிய தமிழனுக்கு ‘நீயும் இந்து’ என்று கதவு திறந்தது. அந்நியன் என்ற பட்டம் நீங்க அவன் கொடுத்த விலை, ஒரே ஊரிலிருந்து ஒரே தோல் கிடங்குக்கு வந்த தமிழ் முஸ்லிமின் நட்பு. இந்த விலையைப் பலர் கொடுத்தார்கள். இதை மறைத்துவிட்டு நம்பிக்கையின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் இந்தப் பிளவு எந்த இடத்தில் உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் 1948-லிருந்து புதன்கிழமைகளில் நடக்கும் நொவேனாவுக்கு எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்ளும் இந்துத் தாய்கள் எத்தனையோ பேர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவள் சாமியின் மதம் கேட்பதில்லை. நேர்த்திக்கடனுக்கு எல்லை இல்லை. வரிக்குத்தான் எல்லை உண்டு. கூழ் காய்ச்சுவதும் முளைப்பாரி வளர்ப்பதும் திருவிளக்கு ஏற்றுவதும் பெண்கள். நோட்டை வைத்திருப்பதும் ஊர்வலப் பாதையைத் தீர்மானிப்பதும் ஆண்கள். பிளவு ஊர்வலப் பாதையில்தான் வெடிக்கிறது. கமிட்டிகளில் பெண்கள் பாதிப் பேர் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கையில் எல்லை தாண்டுகிறவர்களிடம் அதிகாரமும், எல்லை போடுகிறவர்களிடம் கேள்வியும் போக வேண்டும்.

மூன்றாவது வாதம் சாமியே வேண்டாம் என்பவர்களுடையது. அவர்கள் காட்டும் சான்று ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலிலிருந்து 1963-ல் பம்பாய் வந்த இந்தத் தமிழர் ஜனதா காலனியில் தச்சு வேலை செய்தார். அள்ளப்படாத குப்பையைக் காலனிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து நகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை எழுப்பினார். 2000-ல் மகசேசே விருது பெற்றார். எந்த மதத்தின் பெயரையும் சொல்லாமல் அவரும் மகிளா மிலன் என்ற சேமிப்புக் குழுக்களின் பெண்களும் செய்த வேலை எந்தக் கோயில் கமிட்டியும் செய்யாதது: மராத்தியும் தமிழும் உருதும் பேசுபவர்களை ஒரே சேமிப்புக் கணக்கில் உட்கார வைத்தார்கள். இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் தினமும் வாசலுக்கு வந்து சில்லறை வாங்கி எழுதும் அந்தச் சேமிப்பு முறை, கூடிப் பணம் போட்டுக் கூடிக் கணக்குக் கேட்டுப் பழகிய மக்களிடம்தான் வேர் பிடித்தது. அந்தப் பழக்கம் எங்கே கிடைத்தது என்றால் சந்நிதிகளிலும் ஜமாத்துகளிலும் என்பது என் கணிப்பு. அம்பேத்கரும் மதத்தை விட்டு வெளியேறி வெறும் வெளியில் நிற்கவில்லை. அரசியல் புரட்சிகளுக்கு முன்னால் சமய, சமூகப் புரட்சிகள் நடந்திருக்கின்றன என்று 1936-லேயே வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டி எழுதியவர், 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். பழைய வீடு மனிதனை மதிக்கவில்லை என்றால் மதிக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. எம்-கிழக்கு வார்டில் பறக்கும் பஞ்சசீலக் கொடிகள் அந்த வழியில் வந்தவர்களுடையவை.

பெயர்க்கப்படுபவர்களின் வழிபாட்டிடம் என்ன ஆகும் என்ற கேள்வி இப்போது அவசரமானது. தாராவி மறுசீரமைப்பில் தகுதி இல்லை என்று சொல்லப்படுபவர்களுக்கு வாடகை வீடு கட்ட தேவ்னார் குப்பைக் கிடங்கில் சுமார் 124 ஏக்கரை ஒதுக்க மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபரில் முடிவு செய்தது. அதாவது 1976-ன் பாதையில், மான்குர்த் பக்கமே, இன்னொரு கூட்டம் வரப்போகிறது. தமிழர்களும் அதில் இருப்பார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தாராவிப் பள்ளிவாசல் ஒன்றின் ஒரு பகுதியை இடிக்க நகராட்சி ஆட்கள் வந்தபோது மக்கள் திரண்டு தெருவை மறித்தார்கள். பிறகு நிர்வாகிகளே அகற்ற ஒப்புக்கொண்டார்கள். குடிசைச் சீரமைப்பு விதிகளில் ஏற்கெனவே வழி இருக்கிறது: அனுமதிக்கப்படும் வழிபாட்டிடத்துக்கு முன்பிருந்த பரப்புக்கு மிகாமல் புது இடம் தரலாம். 2011 மே 5-ன் அரசாணையும் முறைப்படுத்த வேண்டியவை, இடமாற்ற வேண்டியவை, அகற்ற வேண்டியவை என்று பிரிக்கச் சொல்கிறது. பிரிப்பவர் அதிகாரி மட்டும். அங்கே வரி கொடுத்தவர் சொல்ல எதுவும் இல்லை. கணக்கெடுப்புத் தாளில் கழிப்பறைக்கு ஒரு பத்தி இருப்பதுபோல், எத்தனை குடும்பங்கள் கூடும் எந்தச் சந்நிதி என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். எல்லா மதத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். ஒரே சந்நிதியில் கூடும் குடும்பங்களை ஒரே கட்டடத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும்.

தாராவியின் சங்கங்களுக்கும் ஜமாத்துகளுக்கும் சபைகளுக்கும் விகாரைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வரி நோட்டு, உறுப்பினர் பட்டியல், பழைய போலீஸ் அனுமதிக் கடிதங்கள், தேதி போட்ட விழா நோட்டீஸ்கள், மின்கட்டண ரசீதுகள் எல்லாவற்றுக்கும் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். உரிமை கேட்டு மனுக் கொடுக்கும் நாளில் தனித்தனியாகப் போகாதீர்கள். நான்கு மதத்தாரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுப் போங்கள்.